ஸ்லாஷரின் ஸ்லிப் கிளட்ச்: வாசகர் கேள்வி – பதில்

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, தோப்புகளில் புல் இடுப்பளவு நிற்கும் இந்த நாட்களில், டிராக்டரின் பின்னால் மாட்டி ஓட்டும் புல்வெட்டியான ஸ்லாஷரைப் பற்றியே அதிகமான கடிதங்கள் வந்திருக்கின்றன. பெரும்பாலானவை அதன் ஸ்லிப் கிளட்சைச் சுற்றியே வருவதால், இந்த இதழில் அதை மட்டும் எடுத்துக்கொள்கிறோம்.

கேள்வி: பன்னிரண்டு ஏக்கர் தென்னந்தோப்புக்கு 45 எச்.பி. டிராக்டரும் ஐந்தடி ஸ்லாஷரும் வைத்திருக்கிறேன். ஐப்பசியில் நிறுத்திய ஸ்லாஷரைத் தை மாதம் எடுத்து ஓட்டிய முதல் நாளே, புல்லுக்குள் கிடந்த கருங்கல்லில் பிளேடு மோதி, பி.டி.ஓ. (எஞ்சின் சக்தியைப் பின்னால் மாட்டிய கருவிக்குக் கொடுக்கும் முனை) ஷாஃப்டின் கிராஸ் (மூட்டிலிருக்கும் சிலுவை வடிவப் பாகம்) உடைந்தது. கியர்பாக்ஸில் பல்லும் போயிற்று. இதைத் தடுக்கத்தானே ஸ்லிப் கிளட்ச் இருக்கிறது? அது வேலை செய்யாத பாகம் என்று சொல்லி, கழற்றிவிட்டு நேரடியாக யோக் (ஷாஃப்டை இணைக்கும் கவை) போட்டுத் தருவதாகப் பட்டறைக்காரர் சொல்கிறார். செய்யலாமா?
— ஆனைமலை வட்டார வாசகர்

பதில்: செய்ய வேண்டாம். உங்கள் கிளட்ச் கெட்டுப்போனதாக எனக்குத் தோன்றவில்லை. மூன்று மாதம் ஈரத்தில் நின்றதால் அது இறுகிப் போயிருக்க வேண்டும். ஸ்லிப் கிளட்சின் உள்ளே, ஷாஃப்டோடு சேர்ந்து சுழலும் இரும்புத் தட்டுக்கும் கியர்பாக்ஸோடு சேர்ந்து சுழலும் இரும்புத் தட்டுகளுக்கும் நடுவே, உராய்ந்து பிடிக்கும் லைனிங் வட்டுகள் இருக்கின்றன. சுற்றிலும் உள்ள போல்ட்டுகளில் ஏற்றிய ஸ்பிரிங்குகள் இவை அனைத்தையும் ஒன்றோடொன்று அழுத்திப் பிடிக்கின்றன. புல் வெட்டுவதற்கு அந்தப் பிடி தாராளமாகப் போதும். பிளேடு எதிலாவது மோதி நின்றால், ஷாஃப்ட் பக்கத்துத் தட்டு அந்தப் பிடியை மீறி நழுவிச் சுழலும். கியர்பாக்ஸ் பக்கம் நின்றுவிடும். ஓட்டுநர் சத்தத்தைக் கேட்டுப் பி.டி.ஓ.வை விடுவிக்கும் வரையிலான இரண்டு மூன்று நொடிகளைக் கடத்திக் கொடுப்பதுதான் அந்தப் பாகத்தின் முழு வேலை.

அந்த நொடிகளின் மதிப்பை ஒரு கணக்கில் பார்க்கலாம். பி.டி.ஓ. நிமிடத்துக்கு 540 சுற்று சுற்றுகிறது. ஐந்தடி ஸ்லாஷரின் கியர்பாக்ஸ் அதை ஏறக்குறைய இரு மடங்காக்கிப் பிளேடுக்கு ஆயிரத்தைத் தொடும் சுற்றைக் கொடுத்தால், பிளேடின் நுனி நொடிக்குச் சுமார் 80 மீட்டர், அதாவது மணிக்கு 280 கிலோமீட்டருக்கு மேலான வேகத்தில் போகிறது. அது கருங்கல்லில் மோதி நிற்கும்போது டிராக்டர் எஞ்சினின் கனத்த சுழல்சக்கரமான ஃபிளைவீல் நிற்பதில்லை. தன்னிடம் சேர்ந்திருக்கும் சுழற்சி முழுவதையும் ஷாஃப்ட் வழியாகத் தள்ளிக்கொண்டே இருக்கிறது. நடுவில் நழுவ இடமில்லை என்றால், வரிசையில் எது மெலிந்ததோ அது உடையும். உங்களுக்கு கிராஸும் கியர் பல்லும் உடைந்தன. டிராக்டரின் பி.டி.ஓ. ஷாஃப்டே முறுகிய கதைகளும் உண்டு.

மழைக்காலத்தில் லைனிங் வட்டு தன் நுண்துளைகளில் ஈரத்தை வாங்கி வைத்துக்கொள்கிறது. அதை அழுத்திக்கொண்டிருக்கும் இரும்புத் தட்டில் துரு பூக்கிறது; துரு லைனிங்கின் சொரசொரப்புக்குள் ஏறி, இரண்டையும் பசை போட்டதுபோல ஒட்டிவிடுகிறது. வெளியிலிருந்து பார்த்தால் நட்டுகளும் ஸ்பிரிங்குகளும் வைத்தபடியே இருக்கும். ஆனால் உள்ளே அது ஒரே இரும்புக் கட்டியாகிவிட்டிருக்கும். ஒரு மாதத்துக்கு மேல் நிறுத்தி வைத்த எந்த ஸ்லாஷரையும் கிளட்சை ஒருமுறை நழுவவிட்டுப் பார்க்காமல் தோப்புக்குள் இறக்கக் கூடாது என்று தயாரிப்பாளர்களின் கையேடுகள் சொல்வது இதனால்தான். கையேட்டைப் பிளாஸ்டிக் உறையோடு பீரோவில் வைத்துவிடுகிறோம் என்பது வேறு விஷயம்.

நழுவவிட்டுப் பார்க்கும் முறை எளியது. எஞ்சினை நிறுத்தி, சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ஸ்பிரிங்கின் நீளத்தையும் வெர்னியரால் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பிறகு எல்லா நட்டுகளையும் ஒரே அளவாக, வழக்கமாக இரண்டு முழுச் சுற்று, தளர்த்துங்கள். தட்டுகளின் விளிம்புகளுக்குக் குறுக்கே, எல்லாத் தட்டுகளையும் லைனிங்குகளையும் தொடும்படி, சுண்ணாம்புக் கட்டியாலோ பெயிண்டாலோ ஒரு நேர்கோடு போடுங்கள். கல் இல்லாத வெட்டவெளியில் ஸ்லாஷரைத் தரையிலிருந்து சற்றே தூக்கி, சுற்றிலும் ஆள் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, எஞ்சினைக் குறைந்த ஓட்டத்தில் வைத்துப் பி.டி.ஓ.வை இரண்டு மூன்று நொடி மட்டும் போட்டு எடுங்கள். நின்ற நிலையிலிருந்து கனமான பிளேடுகளைச் சுழற்ற வேண்டிய சுமையே தளர்ந்த கிளட்சை நழுவ வைக்கும். லேசான புகை வந்தாலும் கவலை வேண்டாம். பிளேடு முற்றிலும் நின்று, எஞ்சினையும் நிறுத்திய பிறகு கோட்டைப் பாருங்கள். கோடு துண்டு துண்டாக விலகியிருந்தால் கிளட்ச் உயிரோடு இருக்கிறது. சூடு ஆறியதும் தளர்த்திய அதே இரண்டு சுற்றை முறுக்கி, பழைய நீளம் வந்துவிட்டதா என்று அளந்து பாருங்கள். கோடு நேராகவே இருந்தால் இன்னொரு முறை முயலலாம். அப்போதும் விலகாவிட்டால் கழற்றித் துருவை எடுப்பதைத் தவிர வேறு வழியில்லை.

ஓர் எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். ஐரோப்பிய வகை கிளட்சுகள் சிலவற்றில், தட்டின் மேலிருக்கும் நான்கு நட்டுகளை உள்நோக்கி முறுக்கினால்தான் லைனிங்கின் மேலுள்ள அழுத்தம் விலகும். வேலை முடிந்ததும் அவற்றை வெளியே தளர்த்திவிட வேண்டும். அதாவது மேலே சொன்னதற்கு நேர் எதிர். சுருள் ஸ்பிரிங்குகள் கண்ணுக்குத் தெரியாமல், ஒரே பெரிய தட்டு ஸ்பிரிங் இருந்தால் கையேட்டைப் பார்க்காமல் ஸ்பேனரை எடுக்காதீர்கள்.

கேள்வி: கஜா புயலில் விழுந்த தென்னைகளின் அடிக்கட்டைகள் எங்கள் தோப்பில் இன்னும் ஆங்காங்கே புல்லுக்குள் மறைந்து கிடக்கின்றன. ஸ்லாஷர் அவற்றில் ஏறும்போதெல்லாம் கிளட்ச் நழுவிப் புகைகிறது. இப்போது அடர்ந்த கோரையை வெட்டும்போதுகூட நழுவ ஆரம்பித்துவிட்டது. நட்டுகளை நன்றாக முறுக்கிவிடு, சரியாகிவிடும் என்று பக்கத்துத் தோப்புக்காரர் சொல்கிறார். முறுக்கலாமா, எவ்வளவு முறுக்கலாம்?
— பேராவூரணி வட்டார வாசகர்

பதில்: உங்கள் கடிதத்தில் இரண்டு வெவ்வேறு நழுவல்கள் இருக்கின்றன. கட்டையில் ஏறும்போது நழுவியது சரியான வேலை; அதற்கு நன்றி சொல்ல வேண்டும். 2018 நவம்பரில் விழுந்த மரத்தின் கட்டை இத்தனை ஆண்டுகளில் மேலே உளுத்திருந்தாலும், வேரடி நார் நாராகப் பிளேடைப் பிடித்துக்கொள்ளும். கோரையில் நழுவுவதுதான் நோய். முதல் நழுவலை அடிக்கடி, நீண்ட நேரம் அனுபவித்ததால் இரண்டாவது வந்திருக்கிறது.

நழுவும் கிளட்சில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். 45 எச்.பி. டிராக்டரின் பி.டி.ஓ.வில் 38 எச்.பி. வரை கிடைப்பதாக வைத்துக்கொண்டால், அது சுமார் 28 கிலோவாட். 540 சுற்றில் அதன் முறுக்குவிசை ஏறத்தாழ 500 நியூட்டன் மீட்டர். பிளேடு நின்று கிளட்ச் மட்டும் நழுவும்போது அந்த 28 கிலோவாட்டும் வேறெங்கும் போக வழியின்றி லைனிங்கில் வெப்பமாகிறது. ஆயிரம் வாட் ஹீட்டர்கள் 28-ஐ உள்ளங்கை அகலமுள்ள வட்டுகளுக்குள் ஒரே நேரத்தில் போடுவதற்கு அது சமம். மூன்று நொடிக்குள் பி.டி.ஓ.வை எடுத்துவிட்டால் இரும்புத் தட்டுகள் அந்தச் சூட்டை வாங்கிக்கொள்ளும். "கொஞ்சம் அழுத்தினால் வெட்டிவிடும்" என்று பத்து நொடி ஆக்சிலரேட்டரைப் பிடித்தால் லைனிங்கின் பிசின் கருகி, மேற்பரப்பு கண்ணாடிபோல் மினுங்கத் தொடங்கிவிடும். மினுங்கிய லைனிங்குக்குப் பிடிமானம் இல்லை. அதனால் லேசான சுமையிலும் நழுவும், நழுவ நழுவ இன்னும் கருகும்.

முறுக்கலாமா என்றால், குறித்த அளவுவரை மட்டும் முறுக்கலாம். லைனிங் தேயும்போது தட்டுகள் நெருங்குகின்றன, ஸ்பிரிங்குகள் அந்த அளவுக்கு நீள்கின்றன, பிடி குறைகிறது. இது இயல்பான தேய்மானம். கையேட்டில் கொடுத்திருக்கும் ஸ்பிரிங் நீளத்துக்குத் திரும்பக் கொண்டுவருவது பராமரிப்பு. கையேடு தொலைந்துவிட்டால் அதே மாதிரி ஸ்லாஷரின் விற்பனையாளரிடம் அந்த ஓர் எண்ணைக் கேட்டு வாங்கி, கியர்பாக்ஸ் மூடியின் மேல் பெயிண்டால் எழுதி வையுங்கள். எல்லா ஸ்பிரிங்குகளும் ஒரே நீளத்தில் இருப்பதும் அந்த எண்ணுக்குச் சமமான முக்கியம் உடையது. ஒரு பக்கம் இறுக்கமாகவும் மறுபக்கம் தளர்வாகவும் இருந்தால் தட்டு சாய்ந்து, லைனிங் ஆப்பு வடிவத்தில் தேயும். எனவே சைக்கிள் சக்கரக் கம்பிகளைச் சரி செய்வதுபோல, எதிரெதிர் நட்டுகளை மாற்றி மாற்றி, அரைச் சுற்று அரைச் சுற்றாக முறுக்க வேண்டும்.

அந்த அளவைத் தாண்டி முறுக்கினால், ஸ்பிரிங்கின் சுருள்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும். அதற்குப் பிறகு அது ஸ்பிரிங்கே அல்ல, வெறும் இரும்பு வாஷர். கிளட்சை வெல்டிங் வைத்ததற்கும் அதற்கும் வேறுபாடு இல்லை. இந்த அளவை நிர்ணயிப்பது டிராக்டரின் எச்.பி. அல்ல என்பதையும் கவனியுங்கள். புல் வெட்டத் தேவையான முறுக்குவிசைக்கு மேலும், கியர்பாக்ஸ் தாங்கும் விசைக்குக் கீழும் ஒரு புள்ளியில் தயாரிப்பாளர் கிளட்சை அமைத்திருக்கிறார். 45-க்குப் பதில் 55 எச்.பி. டிராக்டரை மாட்டினாலும் கியர்பாக்ஸ் பழையதுதானே? அதனால் அமைப்பும் பழையதாகவே இருக்க வேண்டும். ரோட்டவேட்டருக்கு வாங்கிய கிளட்ச் ஷாஃப்டை ஸ்லாஷருக்கு மாட்டி ஓட்டுபவர்களுக்கும் இதே பதில்தான்: மண்ணைக் கிளறுவதற்கென்று அமைத்த கிளட்ச், ஸ்லாஷரின் கியர்பாக்ஸ் நொறுங்கும் வரை நழுவாமல் இருக்கக்கூடும்.

உங்கள் நிலையில், முதலில் ஸ்பிரிங் நீளத்தை அளந்து சரிசெய்து ஒரு மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். அப்போதும் கோரையில் நழுவினால் லைனிங் கருகியிருக்கிறது அல்லது எண்ணெய் பட்டிருக்கிறது. நட்டை மேலும் முறுக்காமல் கிளட்சைக் கழற்றுங்கள். கட்டைகள் இருக்கும் இடங்களில் ஆளுயரக் குச்சி நட்டு மேலே ஒரு துணி கட்டுவது ஒரு நாள் வேலை. ஒரு செட் லைனிங்கின் விலையோடு ஒப்பிட்டால் அது மலிவு என்பது என் எண்ணம்.

கேள்வி: கிளட்சுக்குள் கிரீஸ் அடிக்கலாமா?
— பெயர் குறிப்பிடாத வாசகர்

பதில்: கூடாது. உலர்ந்த உராய்வில் வேலை செய்யும் பாகம் அது. பக்கத்திலேயே இருக்கும் கிராஸின் நிப்பிளுக்கு கிரீஸ் வேண்டும், ஆனால் அங்கேயும் ஓரத்தில் பிதுங்கி வழியும் வரை கிரீஸ் கன்னை அழுத்தினால், சுழற்சியில் அது தெறித்து லைனிங்கில்தான் போய் விழும். இரண்டு அழுத்து அழுத்திவிட்டுத் துணியால் துடைத்துவிடுங்கள். கியர்பாக்ஸின் முன்பக்க ஆயில் சீல் கசிந்து, கியர் ஆயில் கிளட்சில் ஊறுவதையும் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். அப்படி இருந்தால் சீலை மாற்றாமல் லைனிங்கை மட்டும் மாற்றுவது வீண் செலவு.

கேள்வி: லைனிங்கை நானே மாற்றலாம் என்று நினைக்கிறேன். எந்த அளவு தேய்ந்தால் மாற்ற வேண்டும்? கழற்றும்போது என்னென்ன பார்க்க வேண்டும்?
— கோபிசெட்டிபாளையம் வட்டார வாசகர்

பதில்: ஸ்பேனர் பிடிக்கப் பழகியவர் அரை நாளில் செய்துவிடலாம். ஷாஃப்டை டிராக்டரிலிருந்தும் கியர்பாக்ஸிலிருந்தும் கழற்றி, கிளட்ச் பக்கத்தை ஒரு மேசை மேல் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்லாஷருக்கு அடியில் எட்டிப் பார்க்க வேண்டிய எந்த வேலையானாலும், ஹைட்ராலிக் தூக்கி நிற்கிறது என்ற நம்பிக்கையில் உள்ளே போகாதீர்கள். நான்கு மூலையிலும் மரக்கட்டை முட்டுக் கொடுத்த பிறகே கையை நீட்ட வேண்டும்.

நட்டுகளைக் கழற்றும்போது ஒன்றை முழுவதும் எடுத்துவிட்டு அடுத்ததற்குப் போகாமல், எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். அழுத்தத்தில் இருக்கும் ஸ்பிரிங் கடைசி நட்டோடு தெறிக்கும். ஒவ்வொரு தட்டை எடுக்கும்போதும் கைபேசியில் படம் பிடித்துக்கொண்டால், திரும்பக் கோக்கும்போது வரிசையில் சந்தேகம் வராது. ஒட்டிப்போன வட்டுகளை உளியால் நெம்பினால் லைனிங் உடையும். மரச்சுத்தியால் விளிம்பைச் சுற்றித் தட்டினால் பெரும்பாலும் விட்டுக்கொடுக்கும்.

உள்ளே இருக்கும் தூசியை ஏர் கம்ப்ரஸரால் ஊத வேண்டாம் என்பதை அழுத்திச் சொல்கிறேன். பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். அந்தத் தூள் நுரையீரலுக்குள் போனால் திரும்பி வராது. ஈரத்துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டி எறியுங்கள். முகக்கவசமும் போட்டுக்கொள்ளுங்கள்.

புது லைனிங்கின் கனம் பல மாடல்களில் 3 மில்லிமீட்டரை ஒட்டி இருக்கும். அது 1 மில்லிமீட்டரை நெருங்கிவிட்டால் மாற்ற வேண்டும். கனம் மிச்சமிருந்தாலும் விரிசல், விளிம்பு உதிர்தல், எண்ணெய்க் கறை ஆகியவற்றில் ஏதாவது இருந்தால் மாற்றுவதே நல்லது. எண்ணெய் ஊறிய லைனிங்கைப் பெட்ரோலில் கழுவி வெயிலில் காயவைத்துத் திரும்பப் போடுகிறவர்கள் உண்டு. மேலே காய்ந்ததுபோல் தெரிந்தாலும், சூடேறியதும் உள்ளே ஊறியிருப்பது கசிந்து வெளியே வரும் என்பதால், நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. லேசாக மினுங்கும் லைனிங் என்றால், சமதளமான கண்ணாடிப் பலகை மேல் உப்புத்தாளை விரித்து, வட்டைச் சுழற்றித் தேய்த்து மேல்தோலை எடுத்துவிட்டு இன்னொரு பருவம் ஓட்டலாம். லைனிங்குகளை எப்போதும் செட்டாகவே மாற்றுங்கள். ஒன்று புதிது, ஒன்று பழையது என்று போட்டால் அழுத்தம் சரியாகப் பரவாது.

லைனிங்கைப் பார்க்கும் கவனத்தோடு இரும்புத் தட்டுகளையும் பார்க்க வேண்டும், பலர் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள். துருவைக் கம்பி பிரஷ்ஷாலும் உப்புத்தாளாலும் எடுத்துவிட்டு, ஒரு நேர்விளிம்பு அளவுகோலைத் தட்டின் குறுக்கே வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். நடுவில் வெளிச்சம் கசிந்தால் தட்டு சூட்டில் வளைந்திருக்கிறது. நீலம் பாய்ந்த திட்டுகளும் அதிகச் சூட்டின் அடையாளமே. லேசான வளைவை லேத்தில் கடைந்து சமப்படுத்திச் சரி செய்யலாம்; அதிகம் என்றால் புதுத் தட்டு வாங்குவதே சிக்கனம். ஸ்பிரிங்குகளைச் சமதளத்தில் வரிசையாக நிறுத்தி வையுங்கள். ஒன்று மட்டும் குள்ளமாக நின்றால் அது சூட்டில் தளர்ந்துவிட்டது. அதை மட்டும் மாற்றாமல் எல்லாவற்றையும் மாற்றுங்கள்.

கோத்து முடித்து, ஸ்பிரிங் நீளத்தைக் குறித்த அளவுக்குக் கொண்டுவந்த பிறகு, முதல் கடிதத்துக்குச் சொன்ன நழுவல் சோதனையை இரண்டு மூன்று முறை, நடுவில் ஆறவிட்டு, செய்யுங்கள். புது லைனிங்கின் மேடு பள்ளங்கள் தட்டோடு படிந்து சேர அது உதவும். முதல் நாள் ஓட்டிய பிறகு நீளத்தை மறுபடி அளந்தால், ஓரளவு தளர்ந்திருப்பதைக் காண்பீர்கள்.

கேள்வி: நாங்கள் தென்னந்தோட்டத்தில் பழைய நான்கு சில்லு உழவு இயந்திரத்தில் புல்வெட்டி பூட்டி வேலை செய்கிறோம். வேலி ஓரத்தில் நிற்பாட்டுவதற்குக் கிளச்சை மிதித்தாலும் இயந்திரம் நிற்காமல் சில அடி முன்னுக்குத் தள்ளிக்கொண்டு போகிறது. ஸ்லிப் கிளட்ச் பழுதாகிவிட்டதா?
— புத்தளம் வாசகர், இலங்கை

பதில்: ஸ்லிப் கிளட்சின் மேல் பிழையில்லை, அதைத் தளர்த்தினாலும் உங்கள் சிக்கல் தீராது. சுழலும் பிளேடுகளும் அவற்றைத் தாங்கும் கனமான வட்டத் தட்டும் சேர்ந்து ஒரு ஃபிளைவீல். ஒற்றைக் கிளட்ச் கொண்ட பழைய இயந்திரங்களில், எஞ்சினைக் கிளட்ச் பிரித்த பிறகும் பி.டி.ஓ.வும் சில்லுகளும் (சக்கரங்களும்) கியர்பெட்டிக்குள் இணைந்தே இருக்கின்றன. நீங்கள் மிதித்ததும் எஞ்சின் விலகிக்கொள்கிறது. ஆனால் சுழன்றுகொண்டிருக்கும் புல்வெட்டி, ஷாஃப்ட் வழியாகப் பின்னோக்கி விசை கொடுத்துச் சில்லுகளை உருட்டுகிறது. இது வேலியோடு போகாமல், ஆள்மீது ஏறக்கூடிய ஆபத்து.

இதற்கான பாகம் வேறு. ஒருவழிக் கப்ளிங் என்று கேளுங்கள். மிதிவண்டியின் ஃப்ரீவீல் போல, உழவு இயந்திரத்திலிருந்து புல்வெட்டிக்கு விசையைக் கடத்தும், திரும்பி வரவிடாது. அது இயந்திரத்தின் பி.டி.ஓ. முனையில் மாட்டப்படும், ஸ்லிப் கிளட்ச் புல்வெட்டி முனையிலேயே இருக்கட்டும். கப்ளிங் மாட்டியதும் மொத்த நீளம் கூடிவிடுவதால், ஷாஃப்டை அந்த அளவுக்கு வெட்டிக் குறைக்காவிட்டால் புல்வெட்டியைத் தூக்கும்போது இரண்டு முனைகளும் முட்டி, பி.டி.ஓ. பேரிங்கை உள்ளே தள்ளிவிடும். கப்ளிங் கிடைக்கும் வரை, வேலிக்கு நன்கு முன்பே பி.டி.ஓ. லீவரைத் தனியாக எடுத்துவிட்டுப் பிறகு கிளச்சை மிதிக்கும் பழக்கத்தை ஓட்டுநருக்கு ஏற்படுத்துங்கள். இரட்டைக் கிளட்ச் அல்லது தனித்து இயங்கும் பி.டி.ஓ. உள்ள புதிய இயந்திரங்களில் இந்தத் தொல்லை இல்லை.

கேள்வி: எங்கள் மாந்தோப்பு ஸ்லாஷரில் கிளட்ச் கிடையாது, ஷியர் போல்ட்தான் (மோதலில் தான் அறுந்து மற்ற பாகங்களைக் காப்பாற்றும் போல்ட்). வாரத்துக்கு இரண்டு போல்ட் அறுந்துவிடுவதால் கெட்டியான போல்ட் ஒன்று போட்டுவிட்டேன். மூன்று மாதமாகத் தொல்லையில்லை. கிளட்ச் ஷாஃப்ட் வாங்குவது அவசியமா?
— கிருஷ்ணகிரி வாசகர்

பதில்: மூன்று மாதமாகத் தொல்லையில்லை என்று படித்ததும் எனக்குத்தான் கவலை வந்தது. போல்ட்டின் தலையைப் பாருங்கள். 8.8 என்று பொறித்திருந்தால், அதன் உலோகத்தின் இழுவலிமை 800 மெகாபாஸ்கல். சாதாரணமாக இந்த வேலைக்குக் கொடுக்கும் மென்மையான 4.6 போல்ட்டின் வலிமை 400. அதாவது அறுபட வேண்டிய புள்ளியை நீங்கள் இருமடங்கு உயர்த்தியிருக்கிறீர்கள். 12.9 என்றிருந்தால் மும்மடங்கு. அடுத்த முறை போல்ட்டுக்குப் பதிலாக கியர் பல் அறுபடும். இன்றே கழற்றிவிட்டு, தயாரிப்பாளர் சொன்ன விட்டத்திலும் தரத்திலும் போல்ட் போடுங்கள். பத்துப் போல்ட் டூல் பாக்ஸில் கிடக்கட்டும்.

கல் அதிகமில்லாத, மோதல் அபூர்வமான நிலத்தில் ஷியர் போல்ட்டே மேல் என்பது என் கருத்து. அது துருப்பிடித்து இறுகுவதில்லை. அறுந்ததும் அறுந்ததுதான், சந்தேகத்துக்கு இடமில்லை. வாரத்துக்கு இரண்டு என்றால் உங்கள் நிலம் அப்படிப்பட்டதல்ல. ஆனால் கிளட்ச் வாங்குவதற்கு முன், போல்ட் போகும் துளையைச் சோதியுங்கள். துளை நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தால் ஒவ்வொரு ஆட்டத்திலும் போல்ட் அடிபட்டு, மோதலே இல்லாமல் களைத்து அறுந்துபோகும். அப்படியானால் குறை யோக்கில் இருக்கிறது. துளை சரியாக இருந்தும் கருவேலங்கட்டைகளும் பாறைகளுமே காரணம் என்றால், கிளட்ச் ஷாஃப்ட் வாங்குங்கள். வருடத்துக்கு ஒருமுறை நழுவவிட்டுப் பார்க்கும் பொறுமை இருந்தால் மட்டும்.

கேள்வி: கிளட்ச் லைனிங் மாற்றி ஷாஃப்டைத் திரும்ப மாட்டியதிலிருந்து ஸ்லாஷர் கடகடவென்று ஆடுகிறது. புது கிளட்ச் சரியில்லையா?
— தேனி மாவட்ட வாசகர்

பதில்: கிளட்சைப் பிறகு பார்க்கலாம், ஷாஃப்டின் இரண்டு பாதிகளையும் எப்படிச் செருகினீர்கள் என்று முதலில் பாருங்கள். உள்குழாயின் யோக்கும் வெளிக்குழாயின் யோக்கும் ஒரே தளத்தில், ஒன்றின் காது இருக்கும் திசையிலேயே மற்றதன் காதும் இருக்கும்படி அமைய வேண்டும். முக்கோணக் குழாய்களை மூன்று விதமாகச் செருக முடியும் என்பதால், கழற்றி மாட்டும்போது 120 பாகை தவறுவது சாதாரணம். தவறினால் ஒரு கிராஸின் ஏற்றத்தாழ்வை மற்றொன்று ஈடு செய்யாமல், ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை உதறும். அந்த உதறல் புது லைனிங்கையும் நாளடைவில் தின்றுவிடும். இனிமேல் கழற்றுமுன் இரு குழாய்களின் மேலும் ஒரே நேரான பெயிண்ட் கோடு போட்டுவிடுங்கள்.

யோக்குகள் நேராக இருந்தும் ஆடினால், பிளேடு சுழலும் அச்சை அடியிலிருந்து பாருங்கள். அறுபட்ட சொட்டுநீர்க் குழாய் அதில் இறுகச் சுற்றியிருப்பதை மூன்று தோப்புகளில் நானே கத்தியால் அறுத்து எடுத்திருக்கிறேன்; சுற்றிய குழாய் ஆயில் சீலையும் கிழித்துவிடும். இரண்டு பிளேடுகளில் ஒன்றை மட்டும் மாற்றியிருந்தால் எடை வேறுபாட்டாலும் ஆட்டம் வரும். ஷாஃப்டைத் திரும்ப மாட்டும்போது அதன் பிளாஸ்டிக் உறையையும் மறக்காமல் மாட்டுங்கள். நொடிக்கு ஒன்பது சுற்று சுற்றும் ஷாஃப்டில் வேட்டி நுனியோ தோள் துண்டோ சிக்கினால், இழுத்துக்கொள்ள அவகாசம் இருக்காது. மனிதர் சிக்கும்போது எந்த ஸ்லிப் கிளட்சும் நழுவாது. அதை நழுவ வைக்க வேண்டிய விசை மனித எலும்பு தாங்கும் விசையைவிடப் பல மடங்கு பெரியது.